ஐல் ஆஃப் மேன்: கம்பெனி வரி சுழியம் என்றால் அரசு எந்தக் காசில் ஓடுகிறது?

தீவுப்பித்தன்:

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேன் பற்றிப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஓரிடத்தில் பிரிட்டனின் பகுதி என்கிறார்கள், இன்னோரிடத்தில் தனி அரசு என்கிறார்கள். பரப்பு 572 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் 84,069 பேர், தலைநகர் டக்ளஸ் என்பது வரை தெரியும். உள்ளே எப்படி நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

சட்டம் போடுவது யார், லண்டன் அதை மறிக்க முடியுமா? கம்பெனிகளுக்கு வரியே இல்லையென்றால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மின்சாரம், சரக்கு இவற்றுக்கு என்ன ஏற்பாடு? விவரமாகச் சொன்னால் நல்லது.

சட்டப்புள்ளி:

முதலில் நிலையைத் தெளிவாக்கிவிடுவோம். ஐல் ஆஃப் மேன் ஐக்கிய முடியரசின் பகுதி அல்ல. வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில், அதற்கு ஒரு எம்.பி. கூடக் கிடையாது. காலனியும் அல்ல. ஜெர்சி, கெர்ன்சி போல முடியாட்சிக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட தீவு. அங்கே மன்னருக்குப் பட்டம் 'லார்ட் ஆஃப் மேன்'. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில் இருக்கின்றன, அதற்குத் தீவு ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டுகிறது. மற்றதெல்லாம், அதாவது வரி, கல்வி, மருத்துவம், காவல், குற்றவியல் சட்டம், தீவின் சொந்தப் பொறுப்பு. மக்கள் பிரிட்டிஷ் குடிமக்கள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தீவு ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை. சரக்கு வணிகத்துக்கு மட்டும் ஒரு தனி ஒப்பந்தம் இருந்தது, அது 2020 இறுதியோடு முடிந்தது.

நாடாளுமன்றத்தின் பெயர் டின்வால்ட். வைக்கிங் காலத்திலிருந்து வருவது. 1979-ல் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடினார்கள். கீழவையான ஹவுஸ் ஆஃப் கீஸில் 24 பேர். 12 தொகுதிகள், தொகுதிக்கு இருவர், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல். பெரும்பாலானவர்கள் சுயேச்சைகள், கட்சி அரசியல் அங்கே வேர்விடவில்லை. மேலவையில் 11 பேர். அவர்களில் 8 பேரைக் கீழவையே தேர்ந்தெடுக்கிறது, மீதி பிஷப், அரசு தலைமை வழக்கறிஞர், டின்வால்ட் தலைவர். கொள்கையும் நிதியும் வரும்போது இரண்டு அவைகளும் ஒரே மண்டபத்தில் உட்காரும், ஆனால் வாக்கு தனித்தனியாக எண்ணப்படும். இரண்டிலும் பெரும்பான்மை இல்லையேல் தீர்மானம் விழும்.

மசோதா போகும் வழி: கீஸில் முதல் வாசிப்பு பெயரளவுக்கு, இரண்டாவதில் கொள்கை விவாதம், பிறகு பிரிவு பிரிவாக அலசல், மூன்றாவது வாசிப்பு. மேலவையில் இதே சுற்று மறுபடியும். பின்னர் டின்வால்ட் அமர்வில் உறுப்பினர்கள் கையெழுத்திடுவார்கள். அடுத்தது அரச ஒப்புதல். சாதாரண மசோதாக்களுக்கு மன்னரின் பிரதிநிதியான லெப்டினன்ட் கவர்னரே கொடுத்துவிடுவார். ஆனால் அதற்கு முன் லண்டனில் நீதி அமைச்சகம் பார்த்திருக்கும். ஒப்புதல் டின்வால்டில் அறிவிக்கப்பட்டதும், சட்டத்திலேயே வேறு தேதி சொல்லப்படாவிட்டால், அமலுக்கு வரும்.

இதோடு முடிவதில்லை. செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் நான்கு அடுக்குப் புல்மேடு ஒன்று இருக்கிறது. ஜூலை 5 அன்று அங்கே அந்த ஆண்டின் சட்டங்களைச் சுருக்கி, தீவின் சொந்த மொழியான மேங்க்ஸிலும் ஆங்கிலத்திலும் உரக்க வாசிப்பார்கள். இதை வெறும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். நிறைவேறிய 18 மாதத்துக்குள் மேட்டில் வாசிக்கப்படாத சட்டம் செல்லாமல் போகும். அதே நாளில் யாரும் நேரில் வந்து மேட்டின் அடியில் குறை மனு கொடுக்கலாம். மனுவின் வடிவம் நிலையியல் விதிகளுக்கு ஒத்திருக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் எடுத்து நடத்தினால்தான் அது மேற்கொண்டு நகரும். இந்த இரண்டாவது படியில்தான் நிறைய மனுக்கள் படுத்துவிடுகின்றன.

வரலாற்றுக்கிறுக்கன்:

லண்டன் மறிக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில்: முடியும், அபூர்வமாகத்தான் செய்யும். செய்ததற்கு நல்ல உதாரணம் 1967. ராம்சி கரைக்கு வெளியே கப்பலில் இருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்த ரேடியோ கரோலைனை முடக்க பிரிட்டன் கேட்டது, கீஸ் மறுத்தது. உடனே ஓர் அரச ஆணை மூலம் பிரிட்டிஷ் சட்டத்தைத் தீவின் மேல் நீட்டிவிட்டார்கள். 'உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை' என்பது மரபு. சட்டப்படியான தடை அல்ல என்பது அன்று தெரிந்தது.

நேரடியாக மறிக்காமல் தாமதிப்பதும் உண்டு. கருணைச் சாவு மசோதா 2025 மார்ச்சில் இரு அவைகளிலும் நிறைவேறியது, ஒப்புதல் உடனே கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1881-ல் சொத்துள்ள பெண்களுக்கு, திருமணமாகாதவர்களுக்கும் விதவைகளுக்கும், கீஸ் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்கு அந்தப் புத்தி வர இன்னும் முப்பத்தேழு ஆண்டு ஆனது. 16 வயதில் வாக்கு என்பதும் 2006-லேயே வந்துவிட்டது. மறுபக்கம், பிரம்படித் தண்டனையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து 1978-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் குட்டு வாங்கியதும் இதே தீவுதான். அந்த வழக்கில் பிரதிவாதியாக நின்றது பிரிட்டன், ஏனென்றால் சர்வதேசப் பொறுப்பு அவர்களுடையது. லண்டன் அங்கே மூக்கை நுழைப்பதற்கான உண்மையான காரணம் இதில்தான் இருக்கிறது.

கணக்கன்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'வரியே இல்லை' என்பது பாதி உண்மை. 2006 ஏப்ரலிலிருந்து பெரும்பாலான கம்பெனிகளுக்கு லாப வரி 0 சதவீதம், சரி. ஆனால் தீவிலுள்ள நிலம், கட்டட வாடகை வருமானத்துக்கு 20 சதவீதம். வங்கித் தொழிலுக்கும், ஆண்டு லாபம் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் சில்லறை வணிகத்துக்கும் 10 ஆக இருந்தது 2024 ஏப்ரல் முதல் 15. உலக அளவில் 75 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள குழுமங்களுக்கு 2025-லிருந்து குறைந்தபட்சம் 15. மூலதன ஆதாய வரி, வாரிசு வரி, முத்திரைத் தீர்வை இல்லை.

தனிநபருக்கு வருமான வரி உண்டு. 2025-26-ல், விலக்குத் தொகை போக முதல் 6,500 பவுண்டுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 21. இது தவிர தேசியக் காப்பீட்டுச் சந்தா தனி. பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் மொத்த வரிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. விரும்புகிறவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பல ஆண்டுகளுக்குப் பிணைத்துக்கொள்ள வேண்டும். இடையில் வருமானம் விழுந்தாலும் கட்டியே ஆக வேண்டும் என்பதால் இது எல்லாருக்கும் லாபம் இல்லை.

ஆனால் கஜானாவின் தனிப்பெரும் வரவு இவை எதுவும் அல்ல, வாட் வரியும் சுங்கமும்தான். இங்கேதான் சுயாட்சி என்பது கொஞ்சம் கரைகிறது. 1979-ல் போட்ட சுங்க ஒப்பந்தப்படி தீவும் பிரிட்டனும் வாட் விஷயத்தில் ஒரே பகுதி. இரு பக்கமும் வசூலாகும் தொகை ஒன்றாகச் சேர்கிறது, பிறகு ஒரு சூத்திரப்படி தீவின் பங்கு பிரிக்கப்படுகிறது. அதற்கு விலை: வாட் விகிதத்தைத் தீவு இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, பிரிட்டன் போலவே 20. விடுதி அறை வாடகை, வீட்டுப் பழுதுபார்ப்பு போல ஒன்றிரண்டுக்கு மட்டும் 5 சதவீதச் சலுகை வாங்கி வைத்திருக்கிறார்கள். தீவுக் கம்பெனியின் வாட் எண் 'ஜிபி 00' என்று தொடங்குவதும் இதனால்தான். விலைப்பட்டியலைச் சரிபார்க்கும்போது அதைப் பார்த்துப் போலி என்று நினைக்க வேண்டாம்.

இதில் என்ன கோளாறு வரும் என்றால், சூத்திரம் மாறினால் பட்ஜெட்டே ஆடிப்போகும். 2009-ல் அதுதான் நடந்தது. தீவுக்கு நியாயத்துக்கு மேல் பங்கு போகிறது என்று பிரிட்டன் கணக்கை மாற்றியது. அரசு பல ஆண்டுகளுக்குச் செலவைச் சுருக்கிக்கொண்டே வர வேண்டியிருந்தது. என் பார்வையில், சுழிய வரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒப்பந்தத்தைப் பேசாமல் விடுவது பெரிய ஓட்டை. லண்டனுக்குத் தீவை வழிக்குக் கொண்டுவர அரச ஆணை தேவையே இல்லை, இந்தச் சூத்திரம் போதும்.

வருமானம் தரும் தொழில்கள் என்று பார்த்தால் ஆயுள் காப்பீடு, வங்கி, அறக்கட்டளை நிர்வாகம், இணையச் சூதாட்டம். கடைசியில் சொன்னதற்கு 2001-லேயே தனிச் சட்டம் போட்டு முந்திக்கொண்டார்கள். தீர்வை மிகக் குறைவு: பந்தயப் பணத்தில் பரிசு போக மிஞ்சுவதில் முதல் 2 கோடி பவுண்டுக்கு 1.5 சதவீதம், 2 முதல் 4 கோடி வரை 0.5, அதற்கு மேல் 0.1. அரசுக்கு ஆதாயம் தீர்வையை விட, அந்தக் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தின் மேல் வரும் வருமான வரியில்தான். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கறுப்புப் பணச் சந்தேகம் ஒட்டினால் லைசென்ஸின் மதிப்பே போய்விடும்.

கடலோடி:

புவியியலைச் சுருக்கமாக. தீவின் நீளம் சுமார் 52 கிலோமீட்டர், அகலம் அதிகபட்சம் 22. நடுவில் ஸ்லேட் பாறை மலைகள், உச்சி ஸ்னேஃபெல் 621 மீட்டர். டக்ளஸுக்கும் பீலுக்கும் இடையே ஒரு பள்ளத்தாக்கு மலைத்தொடரை இரண்டாக வெட்டுகிறது. வடக்கே பனியாறு கொட்டிய மணலும் சரளையும் சேர்ந்த சமவெளி, தெற்கே காசில்டவுன் பக்கம் சுண்ணாம்புக்கல். லாக்சியிலும் ஃபாக்ஸ்டேலிலும் ஈயம், துத்தநாகம், வெள்ளி தோண்டினார்கள். சுரங்க நீர் இறைக்க 1854-ல் கட்டிய 22 மீட்டர் விட்டச் சக்கரம் இப்போது சுற்றுலாவுக்கு.

மின்சாரம்: டக்ளஸ் புல்ரோஸில் எரிவாயு நிலையம். ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்து போகும் கடலடிக் குழாயிலிருந்து கிளை எடுத்து எரிவாயு வருகிறது. அதோடு இங்கிலாந்தின் பிஸ்பமுக்கு 104 கிலோமீட்டர் கடலடி கேபிள், 2000-ல் போட்டது, 40 மெகாவாட். உபரியை விற்கவும் பற்றாக்குறைக்கு வாங்கவும் அது உதவும். மாறுதிசை மின்னோட்டத்தில் இவ்வளவு நீளக் கேபிள் போட்டால் கேபிளே பெரிய மின்தேக்கியாக நடந்துகொள்ளும்; அதைச் சமன்செய்ய முனைகளில் ரியாக்டர்கள் எனப்படும் மின்தூண்டல் சுருள்கள் வேண்டும்.

சரக்குதான் பலவீனமான கண்ணி. பெரும்பகுதி இங்கிலாந்தின் ஹெய்ஷம் துறைமுகத்திலிருந்து ஃபெர்ரியில், டிரெய்லரோடு வருகிறது. சுமார் மூன்றே முக்கால் மணி நேரப் பயணம். டக்ளஸ் துறைமுகம் கிழக்கு பார்த்தது. கீழைக்காற்று பலமாக அடித்தால் கப்பல் அணைய முடியாது. இரண்டு நாள் தொடர்ந்து பயணம் ரத்தானால் கடைகளில் முதலில் தீருவது பாலல்ல, அது தீவிலேயே கறக்கிறது, ரொட்டியும் காய்கறியும்தான். இந்தக் கழுத்தைத் தனியார் கையில் விட வேண்டாம் என்றுதான் 1830-லிருந்து ஓடும் ஸ்டீம் பாக்கெட் கம்பெனியை 2018-ல் அரசே வாங்கிவிட்டது. விமானத்துக்கு எதிரி கடல்மூடுபனி. ரோனால்ட்ஸ்வே விமான நிலையத்தின் ஓடுபாதை கரையோரம் இருப்பதால் பனி நேராக அதன் மேல் ஏறும்.

டிடி மோட்டார்சைக்கிள் பந்தயமும் சட்டத்தால் வந்ததுதான். பிரிட்டனில் அப்போது மணிக்கு 20 மைல் கட்டுப்பாடு, பொதுச்சாலைப் பந்தயத்துக்குத் தடை. தீவு 1904-ல் சாலையை மூடிக்கொள்ளத் தனிச் சட்டம் போட்டது, 1907-ல் டிடி தொடங்கியது. 60.7 கிலோமீட்டர் சுற்று, மலைப்பகுதியில் 420 மீட்டர் உயரம் தாண்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே பந்தயம் தள்ளிப்போகக் காரணம், மேலே மூடுபனி சூழ்ந்தால் மீட்பு ஹெலிகாப்டர் இறங்க முடியாது.

தீவுப்பித்தன்:

அருமை, நன்றி. இன்னும் ஒன்று. அங்கே வங்கியில் டெபாசிட் போட்டால் பிரிட்டன் உத்தரவாதம் பொருந்துமா? வேலைக்கு யாரும் போகலாமா?

கணக்கன்:

பொருந்தாது. தீவுக்குத் தனித் திட்டம்: ஒரு வங்கிக்கு, தனிநபருக்கு 50,000 பவுண்டு வரை, கம்பெனிகளுக்கு 20,000. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் கௌப்திங் வங்கி விழுந்தபோது அதன் தீவுக் கிளை நிறுவனமும் சேர்ந்து விழுந்தது. காரணம், தீவில் வாங்கிய டெபாசிட்டில் பாதிக்கும் மேல் லண்டன் சகோதர வங்கியில் வைத்திருந்தார்கள். லண்டன் அதை முடக்கியதும் இங்கே கையில் காசில்லை. வாடிக்கையாளர்களுக்குத் திரும்பியது ஆண்டுக்கணக்கில், தவணை தவணையாக. ஆகவே பெயரில் பெரிய பிரிட்டிஷ் வங்கி இருந்தாலும், கணக்கு எந்தச் சட்டநிறுவனத்தில் என்று ஆவணத்தில் பாருங்கள்.

சட்டப்புள்ளி:

வேலைக்கு: பிரிட்டனிலிருந்து போக எல்லைச் சோதனை இல்லை, ஆனால் உழைக்க அனுமதி வேண்டும். லண்டனில் பிறந்தவருக்கும் இதே விதி. ஐந்தாண்டு தொடர்ந்து வசித்தால் 'தீவுத் தொழிலாளர்' ஆகிவிடலாம். சில துறைகளுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பம் போடுவது முதலாளியோடு சேர்ந்து, பதவிக்குப் பொருத்தமாக. வேலை மாறினால் மறுபடி முதலிலிருந்து. வெளிநாட்டவருக்கு இது தவிர தீவின் குடியேற்ற விதிகளும் தனியாக உண்டு, பிரிட்டன் வேலை விசாவை வைத்துக்கொண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது.

கடலோடி:

சில்லறை விஷயம் ஒன்று. மேங்க்ஸ் பவுண்டு ஸ்டெர்லிங்குக்குச் சமம், ஒரு பவுண்டு நோட்டு இன்னும் புழக்கத்தில் உண்டு. ஆனால் லிவர்பூலில் இறங்கினால் கடைக்காரர் வாங்கமாட்டார், புறப்படும் முன் மாற்றிக்கொள்ளுங்கள். தபால்தலையும் தனி, பிரிட்டன் தலை ஒட்டினால் போகாது. தொலைபேசிக் குறியீடு +44 தான்; இருந்தாலும் பிரிட்டன் சிம்முக்குச் சில நிறுவனங்கள் ரோமிங் கட்டணம் போடும்.