ஃபோர்க்லிஃப்ட் சோதனைக்கு ஆள் பிடித்த அனுபவம்: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

ஓரகடம் மெயின்டனன்ஸ்:

ஓரகடம் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஐந்து ஃபோர்க்லிஃப்ட், மூன்று டீசல், இரண்டு பேட்டரி. 2018-இல் வருஷாந்திர சோதனைக்கு ஆள் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதிருந்த ஃபேக்டரீஸ் ஆக்ட் 29-ஆவது பிரிவுப்படி பாரம் தூக்கும் எந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது காம்பிடன்ட் பர்சன், அதாவது அரசு அங்கீகாரம் பெற்ற சோதனையாளர் ஒருவர் முழுதாகப் பார்க்க வேண்டியிருந்தது இல்லையா, எங்கள் இடத்தில் ஃபோர்க்லிஃப்டையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தோம்.

பர்ச்சேஸில் மூன்று கோட்டேஷன் வாங்கி, குறைச்சலாக இருந்ததற்கு ஆர்டர் போட்டார்கள். வந்த பையன் கையில் மொபைலைத் தவிர ஒன்றும் இல்லை. நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்தான், ஹாரன் அடிக்கச் சொன்னான், ஃபோர்க்கைத் தூக்கி இறக்கச் சொன்னான், கேன்டீனில் டீ குடித்தான், போய்விட்டான். மொத்தம் முக்கால் மணி நேரம். நாலாம் நாள் கூரியரில் ஐந்து சர்டிபிகேட்.

இதில் என்ன கூத்து என்றால், ஐந்தாவது வண்டி அன்றைக்கு ஃபேக்டரியிலேயே இல்லை. ஹைட்ராலிக் பம்ப் போய், வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாஸ்ட்டை, அதாவது ஃபோர்க் ஏறி இறங்கும் தூணைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதற்கும் ‘முழு லோடில் சோதிக்கப்பட்டது, திருப்திகரம்’. சீரியல் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், நாங்கள் அனுப்பிய போன வருஷ லிஸ்ட்டைப் பார்த்து அடித்திருக்கிறார்கள். அதில் நான் தப்பாக டைப் செய்திருந்த ஒரு எழுத்தும் அப்படியே வந்திருந்தது.

கையெழுத்துப் போட்டவரின் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன் (முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தப்புதான்). அதில் 31-ஆவது பிரிவு மட்டும் இருந்தது. அதாவது பிரஷர் வெசல், அழுத்தத்தில் இருக்கும் கலங்கள். கம்ப்ரஸரின் காற்றுத் தொட்டியான ஏர் ரிசீவர் மாதிரியானவற்றைப் பார்க்கத்தான் அவருக்கு அங்கீகாரம்.

அடுத்து வந்தவர் ரிட்டயர்டு மனிதர், அறுபது வயதுக்கு மேல். போனிலேயே, “வண்டியைக் கழுவி வையுங்க, கிரீஸும் தூசியும் இருந்தா நான் பார்க்க மாட்டேன், எடை தெரிஞ்ச லோடு ஒண்ணு ரெடி பண்ணுங்க” என்றார். பையில் தடிமன் அளக்க வெர்னியர், ஃபோர்க்கைத் தூக்கும் செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க செயின் கேஜ், டார்ச், சாக்பீஸ், கிராக் பார்க்க டிபி ஸ்ப்ரே. முதல் வண்டிக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. எனக்குள்ளே லேசாக எரிச்சல், புரொடக்‌ஷன்காரர்கள் போன் மேல் போன்.

ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியில் வெர்னியர் வைத்தார், 40 மி.மீ. பிறகு தரையோரம் வளையும் இடம் இருக்கிறதே, ஹீல், அங்கே வைத்தார். 35. சாக்பீஸால் ஃபோர்க் மேலேயே இரண்டையும் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “பத்து சதவீதம் தேய்ஞ்சாலே கழட்டிடணும், இது பன்னிரண்டரை. பத்து சதவீதம் தேய்ஞ்சா பலம் பத்து குறையாது தம்பி, இருபது குறையும்.” வளைவைத் தாங்கும் பலம் தடிமனின் வர்க்கத்தில் போகிறது, படிப்பில் நானும் எழுதிப் பாஸானதுதான். ஃபோர்க்கைத் தரையில் உரசியபடியே ஓட்டியதால் வந்த தேய்மானம், வருஷக்கணக்கில் தினம் கண் முன்னால் நின்ற வண்டி.

பிளான்ட் ஹெட் வந்து, வெல்டு வைத்து நிரப்பிவிடலாமே என்றார். “அது ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணின ஸ்டீல் சார், அங்க வெல்டிங் ராடு பட்டா அதோட குணமே போயிடும். ஜோடியா மாத்துங்க” என்று சொல்லிவிட்டு செயினைப் பார்க்கப் போய்விட்டார்.

ஓசூர் ஆபரேட்டர்:

அண்ணே, நான் ஓட்டுகிறவன். எட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவர்தான் என்னிடம் பேசினார். “வண்டி எந்தப் பக்கம் இழுக்குது, பிரேக் எப்படி இருக்குது, நீ மனசுக்குள்ள பயப்படுறது எதுக்கு?” என்று கேட்டார். டாக் சரிவில் ஹேண்ட்பிரேக் நிற்காது, நான் சக்கரத்துக்குப் பின்னால் மரக்கட்டை வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் அவர் என்னைச் சரிவிலேயே லோடோடு நிறுத்தச் சொல்லிப் பார்த்தார், வண்டி மெதுவாக உருண்டது. மறுநாளே பிரேக் லைனர் மாற்றினார்கள். அதற்கு முன்னால் நான் மூன்று தடவை செக்லிஸ்டில் எழுதியிருந்தேன்.

கோவை காம்பிடன்ட் பர்சன்:

எல்லாரும் எங்களைத் திட்டுகிறீர்கள், சரி, திட்டு வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். ஷிஃப்ட் நடுவில் வண்டியைத் தர மாட்டார்கள், லஞ்ச் டைமில் அரை மணி நேரத்துக்குள் நாலு வண்டியை முடிக்கச் சொல்வார்கள். லோடு எங்கே என்றால் “அந்தப் பேலட் ரெண்டு டன் இருக்கும் சார்” என்பார்கள். ஒரு இடத்தில் விடாமல் வெயிட் பிரிட்ஜில் ஏற்றினேன், 1,400 கிலோ. இன்னொரு இடத்தில் பிளேட்டில் 3 டன் என்று இருக்கிறது, அது 500 மி.மீ. லோடு சென்டருக்கு, அதாவது பாரத்தின் எடை மையம் ஃபோர்க்கின் நிமிர்ந்த பகுதியிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருந்தால். இவர்கள் முன்னால் ரோல் கிளாம்ப் (உருளைகளைப் பிடித்துத் தூக்கும் இணைப்பு) மாட்டிவிட்டு அதே 3 டன் பிளேட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிளாம்பின் எடையும் இருக்கிறது, பாரமும் முன்னால் தள்ளிப் போகிறது, அப்புறம் எப்படி 3 டன் தூக்கும்? ஃபெயில் என்று எழுதினேன். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடவில்லை.

செயின் பற்றி ஒன்று. செயினின் முனையைப் பூட்டியிருக்கும் ஆங்கர் பக்கத்தில் அளந்தால் புதுசு மாதிரிதான் காட்டும், அந்த இடம் புல்லி மேல் ஏறுவதே இல்லை. புல்லியில் ஓடும் பகுதியில் கேஜ் வைக்க வேண்டும், மூன்று சதவீதம் நீண்டிருந்தால் மாற்ற வேண்டும். வருகிறவர் எங்கே கேஜ் வைக்கிறார் என்று மட்டும் பாருங்கள், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மிட்லண்ட்ஸ் வேர்ஹவுஸ்:

நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே பாரம் தூக்கும் கருவிகளுக்கு லோலர் (LOLER) என்று 1998-ஆம் வருஷத்து விதிகள். வழக்கமாகப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை, கூடை மாட்டி ஆளைத் தூக்கினால் ஆறு மாதம். சர்வீஸ் வேறு, இந்தச் சோதனை வேறு என்பதை இங்கேயும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஒன்று: உடனே ஆளைக் காயப்படுத்தக்கூடிய பழுது என்று தெரிந்தால், சோதிப்பவரே ரிப்போர்ட்டின் ஒரு காப்பியை அரசு அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் பழைய மேனேஜர் “திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்களேன்” என்று கெஞ்சிப் பார்த்தார். அந்த மனிதர் சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டார்.

ஓரகடம் மெயின்டனன்ஸ்:

கோவை சார், ரோல் கிளாம்ப் விஷயம் எனக்குப் புதுசு, நாளைக்கே எங்கள் பேட்டரி வண்டி ஒன்றைப் போய்ப் பார்க்கிறேன். அதிலும் ஏதோ மாட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெரியவருக்கு இப்போது முட்டிவலி, வருவதில்லை. அதனால் இந்த வருஷம் மறுபடியும் கோட்டேஷன். இந்தத் தடவை என்கொயரியிலேயே நாலு வரி சேர்த்துவிட்டேன்: பாரம் தூக்கும் எந்திரங்களுக்கான அங்கீகாரக் கடிதம் செல்லுபடியாகும் தேதியோடு வேண்டும், கடிதத்தில் பெயர் இருப்பவரே நேரில் வர வேண்டும், வண்டிக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம், ஃபோர்க் தடிமனும் செயின் நீட்சியும் ரிப்போர்ட்டில் நம்பராக இருக்க வேண்டும், வெறும் ‘ஓகே’ கூடாது. ஐந்து பேருக்கு அனுப்பினோம். இரண்டு பேர்தான் விலை கொடுத்திருக்கிறார்கள், பர்ச்சேஸ்காரர் என்னோடு பேசுவதில்லை.