பால் பிரித்த பன்றிக்குட்டிகளின் கழிச்சலும் தீவனப் புரதமும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நாங்குநேரி வளர்ப்பாளர்:
குட்டி பிரித்த முதல் வாரத்துக் கழிச்சலைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள் என்பதால் அதை விவரிக்கவில்லை. எங்கள் வெள்ளை யார்க்ஷயர் குட்டிகளை நான்கு வார வயதில் பிரித்து, 23 சதவீதப் புரதம் என்று மூட்டையில் அச்சிட்டிருந்த தீவனத்தைக் கொடுத்தோம். முதலில் சாவது நோஞ்சான் குட்டியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைப்போம். ஆனால் அந்த ஈற்றில் முதலில் செத்தது, தொட்டியில் மற்றவற்றைத் தள்ளிவிட்டு முன்னால் நின்று தின்ற, எல்லாவற்றையும் விடக் கனமான குட்டி. மருத்துவர் வயிற்றைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இரைப்பை நிறையத் தீவனம், தொட்டியில் கொட்டியபோது இருந்த நிறம்கூட மாறாமல் கிடந்தது. அதற்குக் கீழே சிறுகுடல் ஊதிப்போய், உள்ளிருக்கும் மஞ்சள் நீர் வெளியே தெரியும் அளவுக்கு அதன் சுவர் மெலிந்திருந்தது. குடலை விரலால் ஒதுக்கியபடியே, "நல்லா தின்னிருக்கு, ஆனா எதுவுமே செரிக்கல" என்றார். தொட்டியில் முண்டியடிக்கும் குட்டியைக் கண்டால் இன்றும் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

யூலான்ட் தமிழன்:
நான் டென்மார்க்கில் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன். 2022 ஜூன் 26 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கழிச்சலைத் தடுக்கக் குட்டித் தீவனத்தில் மருந்தளவு சிங்க் ஒட்சைட் (துத்தநாக ஒட்சைட்) சேர்ப்பது நின்றுபோனது. அதுவரை பால் மறந்த முதல் இரண்டு கிழமைகளுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 2500 மில்லிகிராம் வரை சிங்க் கொடுத்துவந்தோம். இப்போது உச்ச வரம்பு 150 மில்லிகிராம். சிங்க் இல்லாமல் வளர்த்த முதல் தொகுதியின் கதவைக் காலையில் திறந்தபோது அமோனியா நெடி கண்ணை எரித்தது; குட்டிகள் தீவனத்தை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் முதுகை வளைத்துக்கொண்டு நின்றன. மிருக வைத்தியர் சொன்ன விளக்கம் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. பாலிலுள்ள லாக்டோஸ் புளித்து வயிற்றில் அமிலத்தன்மையைக் காத்துவந்தது. பால் நின்றதும், தானே போதிய அமிலம் சுரக்க இயலாத அந்த வயிற்றில் தீவனத்திலுள்ள சோயாப் புரதம் அரைகுறையாகவே செரித்துப் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே கிருமிகள் அதை அழுகவைத்து அமோனியாவையும் குடலை எரிச்சலூட்டும் அமைன்களையும் உண்டாக்குகின்றன. புரதத்தை 17 சதவீதமளவுக்குக் குறைத்து, புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்த பிறகு சாணம் கட்டிப்பட்டது. ஆனால் தராசில் குட்டிகள் முந்தைய தொகுதிகளை விடக் குறைவாகவே நிறுத்தன. முதலாளி அதை இலேசில் ஏற்கவில்லை.

ஈரோடு பண்ணை மேற்பார்வையாளர்:
புரதத்தை மட்டுமே குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை. எங்கள் பண்ணையில் இரண்டு தாய்களின் குட்டிகளை ஒரே அறையில், ஒரே தொட்டியில் வளர்த்தோம். கழிச்சல் வந்த அன்று, வால் நனைந்திருந்த குட்டிகளைத் தனியே பிரித்து, எந்தத் தாயின் குட்டி என்று அறியக் காதில் போட்டிருந்த அடையாள வெட்டைப் பார்த்தேன்: அத்தனையும் ஒரே தாயின் குட்டிகள். மற்ற தாயின் குட்டிகள் அதே தீவனத்தைத் தின்று, உலர்ந்த வாலோடு உறங்கிக்கொண்டிருந்தன. குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் எஃப்4 வகை ஈ.கோலை பாக்டீரியா குடல் சுவரில் ஒட்டிக்கொள்ள அதற்கேற்ற பற்றிடம் வேண்டும். அந்தப் பற்றிடம் இல்லாமலே பிறக்கும் குட்டிகள் உண்டு, அது பரம்பரையாக வருவது. நாங்குநேரி அண்ணன், செத்த குட்டியின் குடலிலிருந்து கிருமிச் சோதனைக்கு மாதிரி அனுப்பினார்களா என்பதைச் சொல்லவே இல்லை.

தீவனக் கணக்கர்:
என் அனுபவம் சிறியது. புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று கேள்விப்பட்ட பக்கத்துப் பண்ணைக்காரர், இருந்த தீவனத்தில் தவிட்டைக் கலந்துவிட்டார். கழிச்சல் நின்றது, சில வாரங்களில் குட்டிகள் தலை பெருத்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றன. இதைப் படிக்கும் மற்றவர்களும் அப்படிச் செய்துவிடக் கூடாது என்பதால், யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குறைக்க வேண்டியது மொத்தப் புரதத்தை, வளர்ச்சிக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலத்தை அல்ல. 7 முதல் 11 கிலோ எடையுள்ள குட்டிக்குச் செரிக்கக்கூடிய லைசின் தீவனத்தில் ஏறத்தாழ 1.35 சதவீதம் வேண்டும். சோயா புண்ணாக்கைக் குறைக்கும்போது லைசின், மெத்தியோனின், த்ரியோனின், ட்ரிப்டோஃபன் ஆகியவற்றைச் சேர்த்தாக வேண்டும். புரதத்தை இன்னும் குறைத்தால் வேலின் என்ற அமினோ அமிலமும் தேவைப்படும். கடலைப் புண்ணாக்கு விலை மலிவு என்று அதற்கு மாறாதீர்கள்: அதில் லைசின் குறைவு, பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சும் சேர்ந்துவிடும். சுண்ணாம்புக்கல் தூளைத் தாராளமாகப் போடாதீர்கள், அது வயிற்றின் அமிலத்தை முறித்துவிடும். ஓட்டல் கழிவு கொடுப்பவர்களுக்குப் புரதக் கணக்கே கிடையாது. ஒரு நாள் பிரியாணி, மறுநாள் வெறும் சோறு என்று வருவதால், பிரித்த குட்டிகளுக்கு முதல் வாரங்களிலாவது அதை நிறுத்துங்கள். கழிச்சல் கண்டதும் உப்புச்சர்க்கரைக் கரைசல் வையுங்கள். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தேடி அலையாதீர்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்க இந்தியாவில் 2019 முதல் தடை இருக்கிறது, அந்தத் தடை மனிதர்களின் கடைசி மருந்தைக் காப்பதற்காகவே வந்தது.

நாங்குநேரி வளர்ப்பாளர்:
ஈரோட்டுத் தம்பிக்கு: மாதிரி அனுப்பினோம், ஈ.கோலைதான் வந்தது. ஆனால் செத்ததும் பிழைத்ததும் ஒரே தாயின் குட்டிகள். கழிச்சல் எல்லாவற்றுக்கும் வந்தது, கனமாகத் தின்றவை மட்டுமே மாண்டன. கிருமி இருந்தது உண்மைதான். அதற்குத் தீனி போட்டது செரிக்காத புரதம் என்பதே என் எண்ணம். யூலான்ட் நண்பரே, குறைந்த புரதத்தை எவ்வளவு காலம் கொடுத்தீர்கள்? எடை பிறகு ஏறியதா?

யூலான்ட் தமிழன்:
குட்டி 15 கிலோவைத் தொடும் வரை கொடுத்தோம். அதன் பிறகு புரதத்தைப் படிப்படியாக உயர்த்தியபோது, பின்தங்கிய எடையில் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டன. தீவனம் மாற்றும் கிழமையில் சாணத்தை நாள்தோறும் பார்ப்பேன். இளகினால் உயர்த்துவதை அப்படியே நிறுத்திவிடுவேன்.