பெரு போனவங்க வாங்க: இன்னும் மண்டைக்குள்ள ஓடுற ஒரு காட்சி

மேட்டுக்காட்டான்:
ஊர் வர்ணனை வேண்டாம். திரும்பி வந்தும் உறுத்திக்கிட்டே இருக்கிற ஒண்ணே ஒண்ணு போதும்.

மச்சு பிச்சு, அதான் மலை மேல இருக்கிற பழைய இன்கா ஊர், அதோட வாசல். டிக்கெட்டை ஸ்கேன் பண்ணி உள்ளே விட்டதும் பாதை பிரியுது. ஒரு வயசான தம்பதி மேலே போற படியில காலை வச்சாங்க. உடனே விசில். காவலர் டிக்கெட்டை வாங்கி 3-பி-ங்கிற இடத்தை நகத்தால தட்டிக் காட்டிட்டு, கீழ்ப்பாதைக்குக் கை நீட்டினார். எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்தத் திட்டு அங்கிருந்தே தெரியுது. அந்தம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துட்டு, தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு கீழே இறங்கிப் போயிட்டாங்க.

2024 ஜூன்ல இருந்து 3 சுற்று, அதுக்குள்ள 10 வழி. காலண்டர்ல பார்க்கிற அந்தக் காட்சி 1-லயும் 2-லயும் தான். 2 எடுத்தா மேல்திட்டும் உண்டு, ஊருக்குள்ள நடக்கவும் விடுவாங்க. அதனாலதான் அது முதல்ல தீருது. 3 கீழ்ப்பகுதி மட்டும். சூரியக் கோயிலும் காண்டோர் கோயிலும் கிட்டத்துல கிடைக்கும், மேல்திட்டு கிடையாது. பக்கத்துல நிக்கிற வைனா பிச்சு மலை ஏறுற டிக்கெட் 3-ஏ, அதுவும் இதே கதிதான். உச்சியில நின்னு ஊரைப் பார்க்கலாம், அந்தப் படம் கிடைக்காது.

ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருக்கணும், டிக்கெட்ல இருக்கிற பேரும் நம்பரும் அதோட ஒத்துப் போகணும். 40×35×20 செ.மீ.க்கு மேல பை போகாது. கழிப்பறை வாசலுக்கு வெளியில மட்டும், வெளியே வந்தா மறுபடி உள்ளே விட மாட்டாங்க. இணையத்துல தீர்ந்து போச்சுன்னா அடிவார ஊரான அகுவாஸ் காலியென்தெஸ்ல நேர்ல மறுநாளைக்குன்னு தினம் 1,000 டிக்கெட் தர்றாங்க. கூட்டக் காலத்துல அதை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீங்க.

மலை உசரத்துக்கு மூச்சு பழகணும்னா, விமானம் இறங்குற ஊரான குஸ்கோவில ரெண்டு நாள் தங்கிட்டுப் போனா சரியாயிடும்.

---

காத்துக்கருப்பு:
கடைசி வரியைத் தவிர மத்ததெல்லாம் சரி. அந்த வரியை நம்பித்தான் பாதிப் பேர் முதல் ராத்திரியே வாந்தி எடுக்கிறாங்க.

முதல்ல என் காட்சி. அரெகிபாவில இருந்து கொல்கா பள்ளத்தாக்குக்கு ஒரே நாள் பயணம், விடியக்காலை மூணு மணிக்கு வேன் கிளம்பும். 2,335 மீட்டர்ல தூங்கின ஆளை அஞ்சு மணிக்கெல்லாம் படாபம்பா கணவாயில, 4,910 மீட்டர்ல நிறுத்துறாங்க. அங்கே சின்னச் சின்னக் கல்லடுக்குகள், ஆளாளுக்கு ஒண்ணு வச்சிட்டுப் போவாங்க. ஒரு பொண்ணு கல்லெடுக்கக் குனிஞ்சவ நிமிரலை. உதடு நீலம். நாலடி வைக்கச் சொன்னா கால் பின்னுது. டிரைவர் பேசவே இல்லை. கையைப் பிடிச்சு வேன்ல ஏத்தி, நேரா சிவாய்க்கு இறக்கினார். சிவாய் 3,635. அந்த இறக்கம்தான் மருந்து.

இப்ப அந்த ரெண்டு நாள் கணக்கு. குஸ்கோ 3,400 மீட்டர், மச்சு பிச்சு 2,430. அதாவது பழகிக்கிறதுக்காகப் போற இடம், பார்க்கப் போற இடத்தை விட ஆயிரம் மீட்டர் உசரம். வரிசையைத் திருப்பிப் போடுங்க. குஸ்கோ விமான நிலையத்துல இறங்கினதும் ஊருக்குள்ள போகாம, ரெண்டு மணி நேரக் கார்ப் பயணத்துல ஒல்லாந்தாய்தாம்போ. அது 2,800. ரெண்டு ராத்திரி அங்கே. ரயிலும் அங்கிருந்தே. மச்சு பிச்சு முடிச்சிட்டு அப்புறம் குஸ்கோ. வானவில் மலைன்னு எல்லாரும் ஓடுற வினிகுன்கா 5,000-ஐத் தாண்டும், அதைக் கடைசியில வைங்க.

3,000-க்கு மேல தூங்குற இடம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏறக் கூடாது. உடம்பு பழகினப்புறம் பகல்ல அதை விடக் கொஞ்சம் ஏறி இறங்கலாம், இந்தக் கணக்கு தூக்கத்துக்குத்தான். உசர நோயைத் தடுக்கிற மாத்திரையான அசெட்டசோலமைடு சாப்பிடறதா இருந்தா 125 மி.கி. காலையும் ராத்திரியும், ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். சல்ஃபா வகை மருந்து ஒத்துக்காதவங்க டாக்டர்கிட்ட கேட்காம தொடாதீங்க. விரல் நுனி ஊசி குத்தற மாதிரி இருக்கும், சிறுநீர் அதிகம் போகும், ரெண்டும் மருந்தோட வேலை. தூக்க மாத்திரை, மது முதல் ராத்திரி வேண்டாம். தூக்கத்துல மூச்சை இன்னும் குறைக்கும்.

ஆக்சிமீட்டர் வாங்கிட்டுப் போய் பீதியாகிறவங்க ஒரு ரகம். குளிர்ந்த விரல்லயும் நகப்பூச்சு மேலயும் அது தப்பாக் காட்டும். கையைத் தேய்ச்சு சூடாக்கி, ஒரு நிமிஷம் வச்சுப் பாருங்க. நம்பரை விட நடை முக்கியம். குதிகால்ல கட்டைவிரலை ஒட்டி வச்சு பத்தடி நேரா நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைச்சாலோ, காலையில பார்த்துக்கலாம்னு விடக் கூடாது. அப்பவே கீழே இறக்கணும்.

---

சோளக்கொல்லை:
கோகா டீயை விட்டுட்டீங்களே, கொக்கெயின் எடுக்கிற அதே இலையில போடுற டீ. எந்த விடுதியில போனாலும் முதல்ல அதைத்தான் நீட்டுவாங்க. சூடா ஏதோ உள்ளே போனா நல்லாத்தான் இருக்கு, ஆனா அது உசர நோயைத் தடுக்கும்னு உறுதியான ஆதாரம் கிடையாது. டீப்பை பெருவில கடையில விக்குது, நினைவுப் பொருள்னு பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தா ஊர்ல போதைப்பொருள் வழக்கு. வேலையிடத்துல சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறவங்க குடிக்கவே வேண்டாம்.

சைவக்காரங்களுக்கு: கினோவாங்கிற தானியத்துல செய்யற சூப்னா காய்கறி சூப்னு நினைச்சுடாதீங்க, பல இடத்துல அடியில இருக்கிறது கோழித் தண்ணி.

---

வடம்பிடி:
எல்லாரும் மச்சு பிச்சுவிலேயே நிக்கிறீங்க. எனக்கு அபுரிமாக் ஆத்து மேல இருக்கிற கெஸ்வச்சாக்கா. குஸ்கோவில இருந்து சிகுவானி சாலையில கொம்பபாதா வரைக்கும் வந்து, அங்கே திரும்பி யானவோகா வழியா கேவே. 3,700 மீட்டர். ஜூன் மாசம் போகணும்.

இது புல்லால கட்டின தொங்குபாலம். ஏறக்குறைய 28 மீட்டர் நீளம். இன்கா சாலைகள்ல இந்த மாதிரி நிறைய இருந்தது, வருஷா வருஷம் புதுசாக் கட்டுறது இப்ப இது ஒண்ணுதான். வின்சிரி, சௌபிபந்தா, சோக்கைவா, கொல்லானா கேவே, இந்த நாலு ஊரும் சேர்ந்து. 2013-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது பாலமில்லை, கட்டுற முறையும் அதோட சடங்கும்.

கோயாங்கிற புல்லை அறுத்து, கல்லால தட்டி நசுக்கி, தண்ணியில நனைச்சு, உள்ளங்கைகளுக்கு நடுவுல உருட்டி ரெண்டு புரியா முறுக்குவாங்க. காஞ்ச புல்லை முறுக்கினா ஒடியும், அதான் ஈரம். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு கயிறுன்னு கணக்கு உண்டு. அந்தச் சிறுகயிறுகளைச் சாலை நீளத்துக்குப் பரப்பி, ஆளுங்க ரெண்டு பக்கமும் நின்னு முறுக்கி, அப்புறம் மூணு மூணாப் பின்னினா நம்ம தேர்வடம் பருமனுக்கு ஒரு வடம் வரும். மொத்தம் ஆறு. நாலு தரைக்கு, ரெண்டு கைப்பிடிக்கு.

வடத்தைக் கரைக்குக் கரை இழுத்துக் கல்தூண்ல சுத்துறதுதான் மணிக்கணக்கா நடக்கிற வேலை. புதுப் புல்வடம் இழுக்க இழுக்க நீளும். நாலும் ஒரே அளவு விறைப்பா இல்லைன்னா பாலம் ஒரு பக்கமாச் சாயும், அப்புறம் சரி செய்ய முடியாது. அதனால இழுத்து, விட்டுப் பார்த்து, மறுபடி இழுப்பாங்க. அதுக்கப்புறம் சக்கருவக்னு சொல்ற பாலக் கைவினைஞர்கள் கரைக்கு ஒருத்தரா, வடத்து மேல காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கைப்பிடிக்கும் தரைக்கும் நடுவுல கயிறு கட்டிக்கிட்டே நடுவுல சந்திப்பாங்க. கீழே வலை கிடையாது, இடுப்புல கயிறும் கிடையாது. பெண்கள் கயிறு திரிக்கிறதோட சரி. கட்டும்போது பாலத்துக்கிட்ட வர விடுறதில்லை. சுத்தி வர்ற பயணிகளும் மேட்டிலேயே நிக்கணும்.

என் காட்சி: பழைய பாலத்தை அறுத்து விடுறது. ஒரு பக்கம் அறுத்ததும் மொத்தப் பாலமும் எதிர்க்கரைப் பாறையில அடிச்சுத் தொங்கும், அப்புறம் மறுபக்கமும் அறுந்து ஆத்தோட போயிடும். யாரும் அதைப் பிடிச்சு இழுக்கறதில்லை, வெறும் புல்தானே. 2020-ல கொரோனாவால கட்டலை, 2021 மார்ச்ல தானா அறுந்து விழுந்துச்சு, ஜூன்ல திரும்பக் கட்டிட்டாங்க.

---

அஞ்சாம்படை:
கயிறு சரி. ஆனா குஸ்கோவில இன்கா சுவர்ல இருக்கிற அந்தக் கல்லு மனுஷன் வேலை இல்ல சார். பிளேடு கூட நுழையாது. கல்லை உருக்கி ஊத்தியிருக்காங்க, அதைப் பத்திப் பேச மாட்டீங்களே.

---

கல்தச்சன்:
பேசலாம். சாயங்காலம் சாய்வெயில் விழும்போது குஸ்கோ சுவர்கிட்ட போய் நில்லுங்க. கல் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. நடுவுல பெரிய குழிகள், விளிம்பை நெருங்க நெருங்கச் சின்னக் குழிகள். உருக்கி ஊத்தின கல்லுல அது எப்படி வரும்?

அது சுத்தியல் அடி. நடுவுல பெரிய கல்சுத்தி, விளிம்புல பெரிய அடி விழுந்தா முனை பேந்துடும்னு சின்னக் கல்சுத்தி. ழான்-பியர் புரோட்சென்னு ஒரு கட்டடக்கலை ஆய்வாளர் இதைச் செஞ்சே பார்த்தார். சுமார் 25×25×30 செ.மீ. ஆண்டிசைட்ங்கிற எரிமலைக் கல், சுத்தியா நாலு கிலோ ஆத்துக் கல்லு. நேரா அடிக்காம, சாய்வா விழ விட்டு, எகிறும்போது பிடிச்சு மறுபடி விடணும். மூணு முகமும் அஞ்சு விளிம்பும் செதுக்க அவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகலை. இணைப்புக்கு, கீழ் வரிசைக் கல்லை மேல் கல்லோட வடிவத்துக்குக் குடைஞ்சு குடைஞ்சு பொருத்துறது. பொறுமை வேணும், உலை வேண்டாம்.

எனக்கு உறுத்துறது வேற. ஒல்லாந்தாய்தாம்போ கோயில்ல நிக்கிற ஆறு பெரிய கல்லுக்கும் சுரங்கம் ஆத்துக்கு அந்தப் பக்கம், கச்சிகாட்டா. அங்கே நடந்து போற வழியில செதுக்கின கல்லுங்க அப்படியே கிடக்கு. களைச்ச கல்லுங்கன்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. வயல் ஓரமா ஒண்ணு, அது மேல யாரோ துணி காயப் போட்டிருந்தாங்க. இழுத்து வந்த கல்லுங்கள்ல அடிமுகத்தைப் பார்த்தா நீளவாக்குல கீறலும் வழவழப்பும் இருக்கும். அதையும் உருக்கினவங்களே கீறி விட்டாங்களா?

கோயில் மட்டும் பார்க்கணும்னா குஸ்கோ சுற்றுலாக் கூட்டுச் சீட்டுலயே அது அடங்கும். குஸ்கோ மேட்டுல இருக்கிற சக்சய்வாமான் கோட்டையும் அதுலதான். குஸ்கோ ஊருக்குள்ள இருக்கிற கொரிகாஞ்சா கோயில் அடங்காது, தனியா வாங்கணும்.

---

காத்துக்கருப்பு:
கல்லுச் சண்டை நடக்கட்டும். டிட்டிகாகா ஏரி பத்தி இன்னும் யாரும் எழுதலை, அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். ஏரிக்கரை ஊரான பூனோ 3,830 மீட்டர். குஸ்கோவில உடம்பு சரியில்லைன்னா ஒல்லாந்தாய்தாம்போவுக்கு இறங்கலாம். பூனோவில இறங்க இடமே கிடையாது. குஸ்கோவுக்குத் திரும்பணும்னா லா ராயா கணவாய் 4,300-க்கு மேல ஏறித்தான் இறங்கணும், அரெகிபா பக்கம் போனா அதை விட உசரம். இருக்கிற ஒரே வழி ஒரு மணி நேரத்துல ஹூலியாகா விமான நிலையம், அங்கிருந்து கடலோரத் தலைநகர் லிமா. குஸ்கோவிலேயே ராத்திரி மூச்சுத் திணறி எழுந்தவங்க பூனோ பஸ் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு ஏரியை விட்டுடுங்க.