நட்ட கண்டல் எங்கே? வாவிக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் என்ன கண்டோம்?

படுவான்கரை வெள்ளாமைக்காரன்:
போன புரட்டாதியில் எங்கள் ஊர்ப் பக்கம் மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நிறுவனம் எட்டாம் தரப் பிள்ளைகளை பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியது. ஆளுக்கொரு தொப்பி, ரீசேட், கேக் துண்டு. கரைச் சேற்றில் வளருகிற கண்டல் மரத்தில் முந்நூறு கன்று நட்டார்கள், போட்டோ பிடித்தார்கள், போய்விட்டார்கள். பொங்கல் கழித்து மாடு தேடிப் போன நேரம் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. பெயர்ப்பலகை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுவதும் கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நட்டது ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல், பிழைத்தது இருநூறு சொச்சம். பிள்ளைகளைக் கூட்டிப்போனதும் வீண். அந்தக் காசில் வயல் தண்ணீர் வடிய ஒரு வடிச்சல் வாய்க்காலாவது தோண்டியிருக்கலாம்.

கல்லடி ரீச்சர்:
கன்று செத்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் போனதே வீண் என்கிறீர்களே, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் ஒருமுறை என் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். வாவிக்கு நூறு யார் தள்ளி வீடு இருக்கிற பிள்ளைகள் சேற்றில் கால் வைக்கப் பயந்து சப்பாத்தோடு நின்றார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெடியன், தகப்பன் தோணிக்காரர், விறுவிறு என்று இறங்கினான். கண்ணா மரத்தடியில் பென்சில் நட்டது போல மேலே நீட்டிக்கொண்டிருக்கிற வேரைக் காட்டி, "மிஸ், இது மூச்சு விடுற வேர், மிதிக்காதீங்க" என்றான். தில்லை மரத்தை ஒடிக்கப் போன இன்னொருவனின் கையைப் பிடித்து இழுத்தான். பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவன்தான் ரீச்சர். இதை எந்த வாய்க்காலில் தோண்டி எடுப்பீர்கள் அண்ணன்?

பாலமீன்மடுத் தோணி:
ரீச்சர், அந்தப் பெடியனையே நடுகிற இடத்தையும் கேட்டிருக்க வேண்டும். கண்டலின் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். சேற்றில் குத்தினால் நிற்கும். குத்துவது சுகம் என்பதால்தான் எல்லோரும் அதையே நடுகிறார்கள்.

புரட்டாதியில் வாவி வற்றிக் கிடக்கும். அந்த நேரம் தெரிகிற சேற்றில் நட்டால் மார்கழியில் என்ன ஆகும்? வாவி கடலில் விழுகிற முகத்துவாரத்தை மண் மூடியிருக்கும், மழைத் தண்ணீர் வந்து ஏறும். ஒரு சாண் கன்று நாலைந்து கிழமை தண்ணீருக்கு அடியில் கிடந்தால் மூச்சு எப்படி விடும்? கடல் ஏறி வற்றுகிற ஏற்றவற்று பெரிதாக இருக்கிற நாடுகளில் என்றால் தண்ணீர் ஏறின நாளே இறங்கிவிடும். இங்கே அப்படியா? எங்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் ரீசேட் செலவு மிச்சம்.

அதோடு ஒன்று. முகத்துவாரத்தை அவசரமாக வெட்டச் சொல்லிக் கத்துகிறவர்கள் படுவான்கரை ஆட்கள்தான். வெட்டின அன்றே இறால் பருக்குமுன் வெள்ளத்தோடு கடலுக்குப் போகிறது.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்:
அதுதானே, கடைசியில் பழி எங்கள் தலையில்! கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் பயிர் தண்ணீருக்குள் நின்றால் நீங்களா நட்டஈடு தருவீர்கள்? 2011 தை மாத வெள்ளத்தில் வயலும் வாவியும் ஒன்றாகக் கிடந்ததை மறந்தாச்சா? உங்களுக்கு இறால், எங்களுக்கு நெல். ஒள்ளுப்பம் யோசித்துப் பேசுங்கள்.

கிட்டங்கிக்காரன்:
அம்பாறைப் பக்கம் இருந்து ஒரு வார்த்தை. வாவியின் தெற்குத் தொங்கல் எங்களிடம்தான் இருக்கிறது. மாரி வந்தால் கிட்டங்கித் தாம்போதிக்கு, அதுதான் வாவிக்குக் குறுக்கே போகிற தாழ்ந்த றோட்டுக்கு, மேலால் தண்ணீர் பாயும், ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வந்து அடைக்கும். தோணி போகாது, சில நாள் கொக்கு அதன் மேல் நடந்து போகிறது. (இந்தச் செடிக்கென்றே 1909இல் வெள்ளைக்காரன் தனிச் சட்டம் போட்டான். செடி சட்டத்தைப் படிக்கவில்லை.) அதற்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? வயலில் போடுகிற யூரியா வடிச்சலோடு வந்து சேருகிறது. பிள்ளைகளைக் கரையில் மட்டும் நிறுத்தினால் பாதிக் கதைதான் தெரியும். உன்னிச்சைக் குளத்தில் தொடங்கி வாய்க்கால், வயல், வடிச்சல், வாவி என்று ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் போகிற வழியே நடத்த வேண்டும்.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்:
2021இல் உரத்தை நிறுத்தினார்களே, அந்த வருஷம் ஆற்றுவாழை குறைந்ததா தம்பி? எங்கள் வயிறுதான் குறைந்தது.

கிட்டங்கிக்காரன்:
ஒரு போகத்தில் குறையாது அண்ணன். சேற்றில் வருஷக்கணக்காகச் சேர்ந்தது கிடக்கிறது. டவுன் கானும் இதே தண்ணீரில்தான் விழுகிறது, உங்களை மட்டும் சொல்லவில்லை. உரத்தை விடச் சொல்லவும் இல்லை, அளந்து போடச் சொல்கிறேன்.

கல்லடி ரீச்சர்:
சரி, நடுகையை நான் விடுகிறேன். முளைக்கிற இடத்தில் அது தானாக முளைக்கும், மாடு மேயாமல் பார்த்தால் போதும். ஆனால் கூட்டிப்போவதை விடமாட்டேன். தோணி அண்ணன், வருகிற ஆவணியில் பிள்ளைகளோடு வந்தால் என்ன காட்டுவீர்கள்?

பாலமீன்மடுத் தோணி:
பாலத்துத் தூணில் போன மாரித் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருக்கிறது. வற்றின நேரம் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். கன்றையும் ஒரு கையில் பிடிக்கட்டும். கறை எங்கே, கன்று எங்கே என்று அவர்களே பார்ப்பார்கள். மறுகா எங்கே நடுவது என்று கேளுங்கள். காசு வேண்டாம், பெற்றோல் மட்டும்.

படுவான்கரை வெள்ளாமைக்காரன்:
தோணியில் இருந்து இறங்கினதும் என் வயலுக்கும் கூட்டி வாருங்கள். முகத்துவாரம் வெட்டாவிட்டால் தண்ணீர் எது வரை ஏறும் என்று வரம்பில் ஒரு கம்பு நட்டு வைக்கிறேன். பெயர்ப்பலகை கொண்டுவந்தால் மட்டும் திருப்பி அனுப்புவேன்.