ரிடோ கால்வாயில் ஹவுஸ்போட்: ஒரு வாரத்தில் ஒட்டாவா - கிங்ஸ்டன் போய் வரலாமா?

ஸ்காபரோ_வாசி:
வணக்கம். ஜூலையில் ஒரு வாரம் லீவு. ஹவுஸ்போட் வாடகைக்கு எடுத்து ரிடோவில் போவோம் என்று வீட்டில் ஒரே பேச்சு. நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அப்பா (72). அப்பா வல்வெட்டித்துறையில் கடலோடு வளர்ந்தவர், ஆனால் ஓட்டப்போவது நான், எனக்குத் தெரிந்தது பார்க்கில் மிதிக்கிற படகு மட்டும்தான். ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் 202 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம், படகில் போய்த் திரும்ப ஒரு வாரம் போதாதா? லைசென்ஸ் வேண்டுமா? படகை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றி இறக்குகிற அந்த லாக்குகளை நினைத்தால் கொஞ்சம் உதறுகிறது.

நீர்க்காகம்:
போய்த் திரும்பவா? வேண்டாம் தம்பி. இரண்டு கோடை ஓட்டியவன் சொல்கிறேன். வழியில் 45 லாக், திரும்பி வந்தால் 90. காத்திருப்பதையும் சேர்த்து ஒன்றுக்கு அரை மணி நேரம் வை, அதுவே 45 மணி நேரம். வெட்டிய கால்வாய்ப் பகுதியில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, மாலையில் லாக்கை மூடிவிடுவார்கள். லீவு முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவாய்.

நடுப்பகுதியை மட்டும் எடு. ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊருக்கு மேலே ஏறி பிக் ரிடோ ஏரி, அப்புறம் நாரோஸ், நியூபரோ, சாஃபீஸ், டேவிஸ் லாக்குகள் என்று போய் ஜோன்ஸ் ஃபால்ஸுக்கு மேலேயே படகைக் கட்டிவிட்டுத் திரும்பு. அங்கே நாலு லாக்கும் இறங்கிப் பார்க்க வேண்டியவை, நடந்தே. பக்கத்தில் காட்டுக்குள் வளைந்து நிற்கிற கல் அணை 18 மீட்டருக்கும் மேல் உயரம், கட்டிய காலத்தில் வட அமெரிக்காவிலேயே அதுதான் உயரம். 1832-இல் திறந்த கால்வாய், பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர் கர்னல் ஜான் பை பொறுப்பில் கட்டினது. வேலை செய்தவர்களில் ஏறக்குறைய 1000 பேர் செத்தார்கள், மலேரியாவில் போனவர்களே ஏராளம். கனடாவில் மலேரியாவா என்று நானும் முதலில் நம்பவில்லை.

லாக்குக்குப் பயப்படாதே. வெளியே நீலக் கோடு போட்ட சுவரில் கட்டிக் காத்திரு, கூப்பிட்டதும் மெதுவாக உள்ளே போ, எஞ்சினை நிறுத்து. சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கும் கேபிளைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, முனையைக் கையிலேயே பிடித்துக்கொள். முடிச்சுப் போட்டுவிடாதே! தண்ணீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிவிடும். பெரும்பாலான லாக்குகளை இன்றைக்கும் ஆட்கள் கையால் சுற்றித்தான் திறக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

லைசென்ஸ்: வாடகைப் படகுக்குக் கொடுக்கிறவர்களே ஒரு செக்லிஸ்ட் சொல்லித் தந்து கையெழுத்து வாங்குவார்கள், அந்த வாடகை நாட்களுக்கு அது போதும்.

லேக்_மீன்:
நீர்க்காகம் அண்ணா ஒன்றை விட்டுவிட்டார், நான் பட்டதால் சொல்கிறேன். ஸ்மித்ஸ் ஃபால்ஸ் பக்கமிருந்து போகும்போது படகுப் பாதையின் ஓரத்தைக் காட்டுகிற சிவப்பு மிதவை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். நியூபரோ லாக்கைத் தாண்டினதும் எல்லாம் தலைகீழ், சிவப்பு இடது பக்கம் வரவேண்டும். ஏனென்றால் மேல் ரிடோ ஏரிதான் கால்வாயின் உச்சி, அதற்கப்புறம் கிங்ஸ்டன் பக்கமாக இறக்கம். நான் அரட்டையில் மறந்து சிவப்பை வலது பக்கம் விட்டு ஓட்டி, பாறையில் புரொபெல்லரைக் கொடுத்து, டெபாசிட் பணத்தில் பாதியை இழந்தேன். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

அப்புறம் பியர் விஷயம். படுக்கை, சமையல், கழிவறை மூன்றும் நிரந்தரமாக உள்ள படகு என்றால், கரையில் கட்டியோ நங்கூரம் போட்டோ நிற்கும்போது மட்டும் குடிக்கலாம். ஓடும்போது யார் கையிலும் திறந்த கேன் இருக்கக்கூடாது, ஓட்டாதவர் கையிலும்தான்.

பூந்தமல்லிக்காரன்:
ஸ்மித்ஸ் ஃபால்ஸ் தாண்டினதும் 32-ஆம் நம்பர் லாக்கின் பெயர்ப்பலகையை யாரும் சொல்லவே இல்லையே? பூனமலி! சென்னைப் பக்கத்துப் பூந்தமல்லிதான் அப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். நான் அங்கே பஸ் பிடித்துக் காலேஜ் போனவன். சுற்றிலும் காடு, ஒரு வீடு, ஒரு லாக், நாரைகள். கண்டக்டர் சத்தம் மட்டும் இல்லை. பெர்மிட் வாங்கி ஒரு ராத்திரி அங்கேயே கட்டிப்போட்டுத் தூங்கினோம்.

ஸ்காபரோ_வாசி:
எல்லாருக்கும் நன்றி. கிங்ஸ்டனை விட்டுவிட்டேன், ஜோன்ஸ் ஃபால்ஸ் வரைதான். அப்பாவிடம் கயிறு விஷயத்தை வாசித்துக் காட்டினேன், "இதைக் கேக்க உனக்கு இன்டர்நெட் வேணுமே?" என்கிறார். கயிறு அவர் கையில், மிதவை எண்ணுவது மகள் வேலை. லேக்_மீன், அந்தப் பாறை நியூபரோவிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று ஞாபகம் இருக்கா?

லேக்_மீன்:
ஏரிக்குள் நுழைந்து கொஞ்ச நேரத்திலேயே. ஆனால் ஒன்று இரண்டு இல்லை, அங்கே முழுக்கவே பாறைதான். மகளைத் தூங்க விடாதீங்க.