இரண்டு இயர்போன் வாங்கியும் நிம்மதியில்லை: ஒன்றில் பேஸ் இல்லை, இன்னொன்றில் காது வலி

கடைசிப்பெட்டி:

வணக்கம். தினமும் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போய் வருகிறேன். போக வர இரண்டரை மணி நேரம், பாட்டும் கச்சேரியும்தான் துணை. முன்பு ஒயர் இல்லாத பட்ஸ் வைத்திருந்தேன். பரனூர் தாண்டும்போது அதில் ஒன்று கதவு வழியாகப் போய்விட்டது. இனி ஒயர் வைத்ததுதான் என்று முடிவு செய்து, இரண்டு மாதத்தில் இரண்டு வாங்கிவிட்டேன். இரண்டுமே இரண்டாயிரம் ரூபாய்க்குள். பெயர் சொன்னால் அந்தந்தக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் 'அ', 'ஆ' என்று வைத்துக்கொள்கிறேன்.

'அ' உலோகத்தில் சின்னத் தோட்டா மாதிரி இருக்கும். ஒயர் நேராகக் கீழே தொங்கும். காதில் இருப்பதே தெரியாது. ஆனால் சத்தம் தகர டப்பாதான். மிருதங்கம் கஞ்சிரா மாதிரி கேட்கிறது. பாடகி மேல் ஸ்தாயிக்குப் போனால் காதைக் குத்துகிறது. ஈக்வலைசரில் பேஸை முழுக்க ஏற்றியும் பலனில்லை. நடந்தால் இடது பக்கம் கழன்று வருகிறது. ஜிமிக்கி ஒயரில் பட்டால் டொக் டொக் என்று வேறு கேட்கிறது.

'ஆ' பிளாஸ்டிக், அவரைக்கொட்டை போல வளைந்த உடம்பு. சத்தம் நிறைவாக இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் காதின் குழிக்குள் ஒரு பக்கம் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. மாட்டும்போது சில சமயம் இருமல்கூட வருகிறது, சிரிக்காதீர்கள். இன்னொரு கூத்து, எனக்கு வந்ததில் எல், ஆர் எழுத்தை மாற்றி அச்சடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. எல் போட்டதை வலது காதில் வைத்தால்தான் ஓரளவு உட்காருகிறது.

எதை வைத்துக்கொள்வது? இல்லை, 2,500 ரூபாய்க்குள் மூன்றாவதாக ஒன்று வாங்க வேண்டுமா?

ராத்திரிராகம்:

தம்பி, அவசரப்படாதீர்கள். புது இயர்போன் பழக வேண்டும். நடுத்தரச் சத்தத்தில் நூறு மணி நேரம் ஓடவிடுங்கள், பேஸ் தானாகத் திறந்துகொள்ளும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

அளவுகோல்:

ஜிமிக்கி போடும் தம்பியா? கேள்வியை முழுதாகப் படியுங்கள் ஐயா.

நூறு மணி நேரமெல்லாம் வேண்டாம், ஒரு நிமிடச் சோதனை போதும். போனில் 50 ஹெர்ட்ஸ் என்ற ஆழமான பேஸ் ஒலியை ஓடவிடுங்கள். டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச ஆப் நிறைய வரும். சத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு 'அ'-வை மாட்டுங்கள். பிறகு இடது பக்கத்தை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது 'ம்ம்ம்' என்று ஒலி பெருகி, விட்டதும் மறைந்தால் இயர்போனில் கோளாறு இல்லை. நுனியில் மாட்டிய ரப்பருக்கும் காதுக்கும் நடுவே காற்று கசிகிறது.

காதுக்குள் செருகும் வகையில் டிரைவர், அதாவது அசைந்து ஒலி எழுப்பும் தகடு, மிகச் சிறியது, பத்து மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்தத் துளியூண்டு தகட்டால் பேஸ் தர முடிவதே, காதுக்குழாயில் அடைபட்ட கொஞ்சம் காற்றை மட்டும் அது அழுத்தினால் போதும் என்பதால்தான். சின்ன இடைவெளி விழுந்தாலும் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். முதலில் போவது கீழ் ஒலிகள். மேல் ஒலிகள் அப்படியே நிற்கும். பேஸ் காணவில்லையே என்று நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள். அப்போது குரல் ஏறும் இடமெல்லாம் குத்தும். நீங்கள் சொன்ன இரண்டு குறையும் ஒரே ஓட்டையிலிருந்து வருபவை. ஈக்வலைசர் தோற்றதும் அதனால்தான். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

கடைசிப்பெட்டி:

தம்பி இல்லை, தங்கை. பரவாயில்லை.

அண்ணா, செய்து பார்த்தேன். வலது பக்கம் ஓரளவு கேட்கிறது. இடது பக்கம் அழுத்தியதும் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் இடந்தலைக் கன ஒலி, வந்துவிட்டது! விட்டால் காணோம். இரண்டிலும் பெட்டியில் மாட்டி வந்த எம் அளவு ரப்பர்தான் இருக்கிறது. கழன்று விழுகிறதே என்று நேற்று எல் அளவு போட்டுப் பார்த்தேன், உள்ளேயே போகவில்லை.

தொப்பிப்பக்கம்:

மிருதங்கம் வாசிப்பவன் என்ற உரிமையில் நுழைகிறேன். உங்கள் காது சரியாகவே பேசுகிறது. இடந்தலையின் கும்கி என்ற கனத்த நாதம் போய்விட்டால் மிச்சம் இருப்பது வலந்தலையின் சாப்பும் மீட்டும்தான், அதனால்தான் கஞ்சிரா மாதிரி கேட்டிருக்கிறது. நானும் புது இயர்போன் வாங்கினால் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டுத்தான் சோதிப்பேன்.

இடது பக்கத்துக்கு எஸ் போடுங்கள். கழன்றால் பெரிய அளவு போட வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். பல சமயம் நேர் எதிர்தான் உண்மை. குழாய் சிறியதாக இருந்தால் பெரிய ரப்பர் வாசலிலேயே மடங்கி நிற்கும். மடிப்பு வழியாகக் காற்று போகும், தாடை அசைந்தால் வெளியே தள்ளும். சிறியது உள்ளே போய் உட்காரும். இரண்டு காதும் ஒரே அளவு என்று யார் சொன்னது? எனக்கு வலது எல், இடது எம்.

மாட்டும்போது எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலேயும் பின்னாலேயும் மெல்ல இழுத்துப் பிடியுங்கள், வளைந்த குழாய் நேராகும். ரப்பரை லேசாகத் திருகி உள்ளே விட்டு மடலை விட்டுவிடுங்கள்.

இப்போது 'ஆ'. எழுத்தை யாரும் மாற்றி அச்சடிக்கவில்லை. நீங்கள் அதைத் தலைகீழாக மாட்டுகிறீர்கள்! அந்த அவரைக்கொட்டை வடிவத்துக்கு ஒயர் மேலே கிளம்பி, காதுக்குப் பின்னால் சுற்றி இறங்க வேண்டும். கீழே தொங்கவிட்டால் உடம்பு கவிழ்ந்துவிடும். கவிழ்ந்த இடது, வலதின் வடிவத்துக்கு வந்துவிடும். அதனால்தான் பக்கம் மாறினால் ஓரளவு உட்காருகிறது. வலியும் அங்கிருந்துதான் வருகிறது என்று பந்தயம் கட்டுகிறேன்.

பெட்டியில் வந்தபோது ஒயரின் நுனியில் கொக்கி மாதிரி வளைவு இருந்திருக்குமே?

கடைசிப்பெட்டி:

இருந்தது. பெட்டிக்குள் மடித்து வைத்ததால் வளைந்துவிட்டது என்று நினைத்து, ஹேர் டிரையர் காட்டி நிமிர்த்திவிட்டேன். யாரும் சிரிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன்.

தொப்பிப்பக்கம்:

சிரிக்கவில்லை. (பொய்.)

அதே ஹேர் டிரையரால் திரும்ப வளைத்துவிடலாம். அந்த இடத்தை மட்டும் மிதமான சூட்டில் காட்டி, சுண்டுவிரல் தடிமன் பேனாவில் சுற்றி ஆறும்வரை பிடியுங்கள். இயர்போன் பக்கம் சூடு போகக் கூடாது. கழற்றி மாட்டும் ஒயர் என்றால் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

அளவுகோல்:

கழற்றினால் ஒரு எச்சரிக்கை. இந்த விலையில் பெரும்பாலும் 0.78 மி.மீ. இரண்டு ஊசி ஒயர்தான். திரும்ப மாட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் புரட்டி மாட்டிவிட்டால் அந்தப் பக்கத்துத் தகடு எதிர்த்திசையில் அசையும். பாட்டு ஓடும், ஆனால் நடுவில் நிற்க வேண்டிய குரல் மண்டைக்குள் எங்கேயோ கரைந்தாற்போல இருக்கும், பேஸும் மெலியும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

செவிநலம்:

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் இருமலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கற்பனை இல்லை. வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாயின் தோலுக்கு வருகிறது. சிலருக்கு அங்கே தொட்டால் இருமல் வரும். பஞ்சுக் குச்சி விட்டுக் குடையும்போதும், மருத்துவர் கருவி வைத்துப் பார்க்கும்போதும் இருமுகிறவர்கள் உண்டு. ரப்பரின் அளவையோ ஆழத்தையோ மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

வலி குழாய்க்குள்ளேயா, வெளியே குழியிலா என்று பாருங்கள். வெளியே என்றால் உடம்பின் வடிவம் காரணம். உள்ளே என்றால் ரப்பர் பெரிது, அல்லது இயர்போனின் மூக்கு (ரப்பர் மாட்டும் குழல்) தடிமன். கழற்றிய பிறகும் வலித்தாலோ, நீர் வடிந்தாலோ இயர்போனை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ரயில் என்பதால் இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. உங்களுக்குப் பயணம் மட்டுமே வாரம் பன்னிரண்டரை மணி ஆகிறது. கசிகிற இயர்போனோடு, ரயில் சத்தத்தை மீறிக் கேட்க வைத்தால் 86 எளிதாகத் தாண்டிவிடும். நன்றாக அடைத்தால் பாதிச் சத்தமே போதும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். தண்டவாளம் கடக்கும்போதும் பிளாட்பாரத்தின் ஓரத்திலும் மட்டும் கழற்றிவிடுங்கள்.

மலிவுவிலைமணி:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஸீரோ வாங்குங்கள், முடிந்தது கதை.

அளவுகோல்:

எந்த ஸீரோ? 7ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் சால்நோட்ஸ் ஸீரோவா, ட்ரூத்இயர் ஸீரோவா? இரண்டும் 2022-இல் வந்தவை, பெயர் மட்டும்தான் ஒன்று. முதலாவதில் ஒரு டிரைவர். இரண்டாவதில் இரண்டு டிரைவர், மூக்கும் தடிமன். எஸ் ரப்பர் போடும் காதுக்காரருக்குப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்த வாரம் இதே கேள்வியோடு வந்து நிற்பார்.

இந்த விலையில் இப்போது வருகிறவை பலவும் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் கேட்போரை வைத்துச் சோதித்து, எந்த ஒலி எவ்வளவு கேட்க வேண்டும் என்று வரைபடத்தில் வரைந்த கோட்டை ஒட்டியோ, அதிலிருந்து கொஞ்சம் விலகியோதான் ஒலிக்கின்றன. அதனால் நல்ல இரண்டுக்கு நடுவே ஒலியில் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இயர்போனில் ரப்பரை மாற்றினால் வரும் வித்தியாசம் பெரியது. வரைபடம் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் தெரியும் கூர்மையான மேட்டை அப்படியே நம்பாதீர்கள். அளக்கும் செயற்கைக் காதுக்குள் எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதைப் பொறுத்து அது நகரும். உங்கள் காதில் அது வேறு இடத்தில் இருக்கும்.

ராத்திரிராகம்:

சரி, தங்கை என்று திருத்திக்கொள்கிறேன். ஆனால் பழகும் விஷயம் பொய்யில்லை. எனக்கு ஒரு வாரத்தில் ஒலி மாறியதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அளவுகோல்:

மாறியிருக்கும் ஐயா, மறுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் உங்கள் கை சரியாக மாட்டப் பழகியிருக்கும், காதும் அந்த ஒலிக்குப் பழகியிருக்கும். பெட்டியிலேயே வைத்து நூறு மணி நேரம் ஓடவிட்டுவிட்டு ஒருமுறை சொல்லுங்கள்.

தங்கைக்கு: இரண்டையும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒரே அளவு வைத்தால் சமம் ஆகாது. ஒன்று சுலபமாக ஒலிக்கும், ஒன்று கொஞ்சம் திணறும். கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று மனது ஏமாற்றிவிடும். குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்கிற மாதிரி வைத்துவிட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

கடைசிப்பெட்டி:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

'அ'-வில் இடது எஸ், வலது எம். தொப்பி வந்துவிட்டது. குத்தல் முக்கால்வாசி போய்விட்டது. ஒரு நாள் திடீரென்று வலது பக்கம் மட்டும் சத்தம் குறைந்தது. பதறிப்போய்ப் பார்த்தால் வலையில் காது அழுக்கு. மூக்கைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டியதும் சரியாகிவிட்டது.

'ஆ'-வின் ஒயரை வளைத்து மேலே சுற்றி மாட்டினேன். எல் இடது காதில் அழகாக உட்கார்ந்தது. அச்சகத்தாரிடம் மன்னிப்பு. குழியில் வலி இல்லை. இடது பக்கம் மட்டும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே இறுக்கமாக இருந்தது, அதற்கும் எஸ் போட்டதும் போய்விட்டது. இருமல் இரண்டு முறைதான் வந்தது. ஜிமிக்கிச் சத்தமும் இல்லை, ஒயர் அந்தப் பக்கமே வருவதில்லையே. மூக்குக்கண்ணாடிக் காம்பும் ஒயரும் காதுக்கு மேல் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன. முதலில் கண்ணாடி, அப்புறம் ஒயர் என்ற வரிசையில் போட்டால் சமாளிக்க முடிகிறது.

சத்தத்தைச் சமமாக வைத்து ஒரே கச்சேரியை இரண்டிலும் கேட்டேன். தம்புராவின் ரீங்காரமும் வயலின் வில் உரசலும் 'அ'-வில்தான் தெளிவு. 'ஆ'-வில் தவில் நெஞ்சில் விழுகிறது. வீட்டில் என்றால் என் ஓட்டு 'அ'-வுக்குத்தான். ஆனால் தாம்பரம் தாண்டி வண்டி வேகமெடுத்தால் 'அ'-வின் நுணுக்கமெல்லாம் சக்கரச் சத்தத்தில் போய்விடுகிறது. 'ஆ' நன்றாக அடைக்கிறது. முன்பு போனில் பதினொன்று வைத்த இடத்தில் இப்போது ஏழு போதும். அதனால் ரயிலுக்கு 'ஆ'. மூன்றாவது வாங்கவில்லை.

தொப்பிப்பக்கம்:

அப்போ 'அ' சும்மா கிடக்கிறதா? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

கடைசிப்பெட்டி:

அதை அம்மா எடுத்துக்கொண்டார். இரண்டு பக்கமும் எஸ். நேற்று சமையலறையில் பக்கத்தில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. அடைப்பு சரியாக இருக்கிறது போல.