முன்கண்ணாடியில மிதக்கிற ஸ்பீடு: கூடுதல் காசு கொடுக்கலாமா?

பொங்கோல்_பாலா:
என் காருக்கு சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்கிறதுக்கான உரிமைச் சான்று) வர்ற நவம்பரோட முடியுது. புதுப்பிக்கிற எண்ணம் இல்லை. நேத்து வீட்டம்மாவோட ஒரு ஷோரூம் போயிருந்தேன். ஒரே கார், ரெண்டு வகை. மேல் வகையில ஹெட்-அப் டிஸ்ப்ளே, சுருக்கமா ஹட், இருக்கு. வேகம், வழி காட்டுற அம்புக்குறி எல்லாம் முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிதக்குது. வாயைப் பிளந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். விற்பனையாளர் சொல்றார், "சார், இதுவே பழசு. அடுத்து வர்றது கண்ணாடி முழுக்க ஹோலோகிராம்."

தேடிப் பார்த்தேன், புளுகு இல்லை. 2025 ஜனவரியில லாஸ் வேகஸ் சிஇஎஸ் கண்காட்சியில கார் பாகம் செய்யற ஹூண்டாய் மோபிஸ், ஜெர்மனியோட லென்ஸ் கம்பெனி ஸைஸ் கூடச் சேர்ந்து, கியா இவி9 காரோட முன்கண்ணாடி அகலத்துக்கும் படம் காட்டியிருக்காங்க. இப்போ மேல் வகைக்குக் காசைக் கொட்டலாமா, இல்ல ஹோலோகிராம் வர்ற வரைக்கும் பேசாம இருக்கலாமா? வீட்டம்மா ரெண்டுமே வேணாங்கறா.

ரெண்டு_சக்கரம்:
வீட்டம்மா பேச்சைக் கேளுங்க ப்ரோ.

நான் தினமும் பிஐஇ விரைவுச்சாலையில பைக்ல போறவன். உங்க கண்ணாடி வழியா நான் தெரியணும், அதுதான் எனக்கு முக்கியம். இந்த ஹட் போர் விமானத்துல இருந்து காருக்கு வந்தது. விமானத்துலயே இதோட வினை தெரிஞ்சு போச்சு. 1980-ல நாசாவுல விமானிகளை சிமுலேட்டர்ல உட்கார வச்சுப் பார்த்தாங்க. தரையிறங்குற நேரம் ஓடுபாதையில இன்னொரு விமானம் நிக்குது. ஹட் பார்த்து இறக்குனவங்கள்ல சிலர் அந்த விமானத்தைக் கவனிக்கவே இல்லை. நேர் எதிர்ல நிக்குது, கண்ணும் அங்கதான் இருக்கு, ஆனா மனசு எண்கள்ல மாட்டிக்கிச்சு. ஒரு விமானமே தெரியலைன்னா என் பைக் எந்த மூலைக்கு?

ராத்திரி_டாக்சி:
தம்பி, உனக்கு என்ன வயசு? முப்பது இருக்குமா? எனக்கு 61. இந்த ஊர்ல 75 வயசு வரைக்கும் டாக்சி ஓட்டலாம், அதனால எனக்கு இன்னும் 14 வருசம் பாக்கி. உடம்பு விட்டா ஓட்டுவேன்.

நாப்பது தாண்டினா கிட்டப் பார்வை மங்கும். மீட்டர் போர்டு என் கண்ணுல இருந்து ஒரு கை நீளத்துல இருக்கு. மூக்குக்கண்ணாடியோட கீழ்ப்பாகத்தால பார்க்கணும்னா தாடையைத் தூக்கணும், எண்ணைத் தேடணும், அப்புறம் திரும்ப ரோட்டுக்கு வரணும். எப்படியும் ஒரு விநாடி. மணிக்கு 90 கிலோமீட்டர்ல ஒரு விநாடின்னா 25 மீட்டர், ரெண்டு பஸ் நீளம். அந்த ரெண்டு பஸ் தூரத்துக்கு நான் குருடன்.

போன மாசம் மருமகன் காடியில மலாக்கா போனோம், நான்தான் ஓட்டினேன். அதுல இந்த ஹட் இருந்துச்சு. எண் பானெட் முனைகிட்ட மிதக்குது. மூக்குக்கண்ணாடியோட மேல்பாகம், கீழ்ப்பாகம்னு மாத்தி மாத்திப் பார்க்கிற வேலையே இல்லை, பளிச்சுனு தெரியுது. நாசாக்காரன் என் வயசு டாக்சிக்காரனை உட்கார வச்சுப் பார்த்தானா?

ரெண்டு_சக்கரம்:
அங்கிள், உங்க கண் விஷயம் நியாயம்தான், மறுக்கலை. வேகம் ஒண்ணை மட்டும் காட்டினா எனக்கும் சம்மதம். ஆனா எந்தக் கம்பெனி அதோட நிறுத்தும்? அந்த மோபிஸ் கண்ணாடியில பக்கத்து சீட்டுக்காரர் படமே பார்க்கலாம். ஓட்டுறவர் கண்ணுக்கு அது தெரியாதுங்கறாங்க. சரி, தெரியாது. பக்கத்துல மாமியார் விழுந்து விழுந்து சிரிச்சா என்னான்னு திரும்பிப் பார்க்காம இருப்பீங்களா?

தெம்பனிஸ்_டீச்சர்:
எனக்கு எரிச்சல் வேறு. புதிய சாலைக் கட்டண முறைக்கான கருவியைப் போனவாரம் என் காரில் பொருத்தினார்கள். மூன்று துண்டு, அதில் ஒன்று தொடுதிரை. (வேண்டாமென்றால் திரையை விட்டுவிட்டுக் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.) காரோடு வந்த திரை, இந்தத் திரை, கைப்பேசி, இப்போது முன்கண்ணாடியும் திரை. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தால் 12 தண்டப் புள்ளி. அதே செய்தி கண்ணாடியில் மிதந்து வந்தால் வசதியாம்!

உபி_பட்டறை:
நான் கண்ணாடி மாத்துற வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முன்கண்ணாடிங்கறது ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம். ஹட்டோட வெளிச்சம் உள் தகட்டுலயும் பட்டுத் திரும்பும், வெளித் தகட்டுலயும் பட்டுத் திரும்பும். அதனால சாதாரணக் கண்ணாடியில எண் ரெண்டு ரெண்டாத் தெரியும், 80-க்குப் பின்னாடி ஆவி மாதிரி இன்னொரு 80. இதைத் தடுக்க ஹட் காருக்கு நடுப் படலத்தையே ஆப்பு மாதிரி செய்வாங்க, மேல தடிமன், கீழ மெலிசு. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு வாடிக்கையாளர், வெளியூர்ல கல்லடிச்சு, மலிவாக் கிடைச்சுதுன்னு சாதாரணக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்தார். "கண்ணுல கோளாறா தம்பி?"ன்னு என்னைக் கேட்டார். திரும்பக் கழட்டி, சரியான கண்ணாடியைப் போட்டோம், ரெட்டைச் செலவு. இதுல லேன் பார்க்கிற கேமரா இருந்தா அதையும் புதுசா அளவு சரி பண்ணணும்.

ஹோலோகிராம் இன்னொரு படி மேல. பேரைக் கேட்டுட்டு ஆவி உருவம் எழுந்து நிக்கும்னு நினைக்காதீங்க. படலத்துக்குள்ள லேசரால நுண்ணிய வரிகளைப் பதிச்சு வச்சிருப்பாங்க. குறிப்பிட்ட நிறம் குறிப்பிட்ட கோணத்துல வந்தா மட்டும் அது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பும், மத்த வெளிச்சமெல்லாம் நேரா ஊடுருவிப் போயிடும். ஹோலோகிராம் கண்டுபிடிச்ச டென்னிஸ் காபோருக்கு 1971-ல நோபல் கொடுத்தாங்க, அதாவது மூலக் கருத்து ரொம்பப் பழசு. இதோட நல்லது என்னன்னா டாஷ்போர்டுக்குள்ள பெரிய பெரிய ஆடி வச்ச பெட்டி தேவையில்லை. கெட்டது, வேலையெல்லாம் கண்ணாடியே செய்யுது, அதனால ஒரு கல் பட்டு விரிசல் விட்டா போறது வெறும் கண்ணாடி இல்லை. முன்கண்ணாடி வழியா 70 விழுக்காடு வெளிச்சமாவது உள்ள வரணும்னு இங்க விதி இருக்கு. படலத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு.

பொங்கோல்_பாலா:
அண்ணே, அப்போ மலிவா ஆன்லைன்ல விக்கிற, டாஷ்போர்டுல ஒட்டுற ஹட்?

உபி_பட்டறை:
ஜிபிஎஸ் வகையை வாங்காதீங்க. கேபிஇ விரைவுச்சாலையில 9 கிலோமீட்டர் சுரங்கம், உள்ள போனதும் செயற்கைக்கோள் எட்டாது, எண் அப்படியே உறைஞ்சு நிக்கும். காரோடயே வர்றது வண்டியோட சொந்த வேகமானியைப் படிக்கும். அதுக்கும் ஒரு எதிரி உண்டு, நம்ம ஊர் வெயில். உள்ள இருக்கிற வளைஞ்ச ஆடி படத்தைப் பெருசாக்கி வெளிய அனுப்புது இல்லையா? வெயில் அதே பாதையில உள்ள வந்தா, பூதக்கண்ணாடியால காகிதத்தை எரிக்கிற கதைதான். நல்ல கம்பெனிங்க இதுக்குன்னே தடுப்பு வைக்கிறாங்க. ஒட்டுற சாமான்ல என்ன இருக்கும்?

மட்டுறுத்துநர்:
சிஓஇ விலையைப் பற்றிய ஏழு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அழுங்கள், நானும் வருகிறேன்.

ரெண்டு_சக்கரம்:
பட்டறை அண்ணே, ஒரு சந்தேகம். அந்த எண் எவ்வளவு தூரத்துல மிதக்குது?

உபி_பட்டறை:
சாதாரண ஹட்ல ரெண்டு ரெண்டரை மீட்டர். 2020-ல வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல அம்புக்குறி சுமார் 10 மீட்டர் தள்ளி, திரும்ப வேண்டிய சாலை மேலயே படுத்திருக்கிற மாதிரி தெரியும்.

ரெண்டு_சக்கரம்:
அதைத்தான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம், சிராங்கூன் ரோட்டுல எத்தனை பேர் குறுக்கே போவாங்க? 10 மீட்டர்ல பளபளன்னு ஒரு அம்புக்குறி படுத்திருந்தா, அதுக்குப் பின்னாடி கால் வைக்கிறவரைப் பார்ப்பீங்களா, அம்பைப் பார்ப்பீங்களா?

ராத்திரி_டாக்சி:
தேக்காவுல எனக்கு அம்பு எதுக்குடா? கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். அங்க அணைச்சிடுவேன்.

ரெண்டு_சக்கரம்:
நீங்க அணைப்பீங்க அங்கிள். போன வாரம் உரிமம் எடுத்த பையன்?

ராத்திரி_டாக்சி:
அது சரி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பொங்கோல்_பாலா:
எதையெதைக் காட்டணும்னு நாமே மாத்திக்கலாமான்னு விற்பனையாளருக்கு இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன். மாத்தலாமாம், அம்புக்குறியை எடுத்துட்டு வேகத்தை மட்டும் வைக்கலாமாம். சனிக்கிழமை காலையில ஓட்டிப் பார்க்கப் போறேன். கண்ணாடி உடைஞ்சா காப்பீடு எதுவரைக்கும் தாங்கும்னு அப்போ எழுத்துல வாங்கிக்கிறேன்.

உபி_பட்டறை:
காலையிலன்னா கிழக்கே சாங்கி பக்கமா ஓட்டுங்க, சூரியன் நேர் எதிர்ல இருக்கும். வழக்கமாப் போடுற வெயில் கண்ணாடியையும் எடுத்துட்டுப் போங்க. போலரைஸ்டா (கண் கூசற வெளிச்சத்தைத் தடுக்கிற வகை) இருந்தா மாட்டிக்கிட்டுப் பாருங்க.

பொங்கோல்_பாலா:
போலரைஸ்டுதான். ஏன்?

உபி_பட்டறை:
முன்கண்ணாடியில பட்டுத் திரும்புற வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமா அதிரும். போலரைஸ்டு கண்ணாடி தடுக்கிறதும் அதையேதான். பல கார்ல நீங்க காசு கொடுத்த எண் அப்படியே காணாமப் போயிடும்.

ராத்திரி_டாக்சி:
அடப்பாவி. நான் மலாக்கா போனது ராத்திரியில.